பொரித்த ஆப்பிள் பை: எண்ணெயில் வாய் பிரிந்துவிடுகிறது, என்ன செய்வது?

நீலமலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகருக்கு அருகில் நாங்கள் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இங்கிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் ஹெண்டர்சன்வில் என்னும் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள்தாம். செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, அங்கே ஆப்பிள் திருவிழா நடக்கிறது. இந்த ஆண்டு அங்கே சென்றபோது வயதான ஒரு தம்பதி வார்ப்பிரும்புச் சட்டியில் பொரித்துக் கொடுத்த ஆப்பிள் பையை (pie, மாவுக்குள் பழப் பூரணம் வைத்து மூடிய பலகாரம்) சாப்பிட்டோம். நம் சோமாசியைப் போலவே அரை நிலா வடிவம். ஓரம் முள்கரண்டியால் அழுத்தப்பட்டிருந்தது. மேல்தோல் மொறுமொறுவென்றும் அதற்கு அடியில் மென்மையாகவும் இருந்தது. உள்ளே இருந்த பூரணம் அடர்ந்த பழுப்பு நிறத்தில், புளிப்பும் இனிப்பும் ஒன்றாகக் கலந்து, புளியங்காய்ப் பச்சடியை நினைவுபடுத்தும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது.

அதை வீட்டில் செய்ய இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றுவிட்டேன். மூன்று ஆப்பிள்களைப் பொடியாக நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்து, பச்சையாகவே மாவுக்குள் வைத்து மூடினேன். மாவுக்கு இரண்டு கோப்பை மைதா, வெண்ணெய், குறிப்பில் சொல்லியிருந்தபடி முக்கால் கோப்பை மோர். மாவு கையில் ஒட்டிக்கொண்டே இருந்ததால் மேலும் மேலும் மாவைத் தூவிப் பிசைய வேண்டியதாயிற்று. எண்ணெயில் போட்ட மூன்றாவது பையின் வாய் பிரிந்து, சாறு கொட்டி, எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் சுட்டுவிட்டது. பிரியாமல் தப்பியவையோ எண்ணெய் குடித்து, வெளியே கருத்து, உள்ளே மாவு வெள்ளையாக வேகாமல் இருந்தன. நாங்கள் சைவம் என்பதால் பன்றிக் கொழுப்பு சேர்க்க இயலாது. எங்கே தவறுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஜார்ஜியா அத்தை எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் மணிக்கட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் வட ஜார்ஜியாவில், எல்லிஜே என்னும் ஆப்பிள் ஊருக்கு அருகில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பழுப்பு நிறமும் கெட்டித்தன்மையுமே உங்கள் கேள்விக்கு விடை. நீங்கள் சாப்பிட்டது புது ஆப்பிளில் செய்த பூரணம் அன்று, ஆப்பிள் வற்றலில் செய்தது. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதிகளில், குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், இலையுதிர் காலத்தில் குவியும் ஆப்பிளைச் சீவி, துணியில் பரப்பிக் கூரை மேல் காயவைத்தோ, நூலில் கோத்து அடுப்பருகே தொங்கவிட்டோ குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். நம் வீட்டு மொட்டைமாடியில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வற்றலை வேகவைத்து மசித்துத்தான் இந்தப் பையும், அடுக்கடுக்காக வைக்கும் அவர்களுடைய ஆப்பிள் கேக்கும் செய்யப்பட்டன.

பழத்தைக் காப்பதற்காகத் தோன்றிய முறைதான் என்றாலும், பொரிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பூரணம் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு தண்ணீர். பச்சையாக நறுக்கிச் சர்க்கரை கலந்த உடனேயே அந்தத் தண்ணீர் வெளியேறத் தொடங்குகிறது. மாவின் ஓரத்தை ஈரமாக்கி ஒட்டவிடாமல் செய்கிறது. சூடான எண்ணெயில் அது ஆவியாகி, வெளியேற வழி தேடி, பலவீனமான இடத்தைப் பிளக்கிறது. உங்கள் பையின் வாய் பிரிந்ததும், உள்மாவு வேகாமல் வெள்ளையாக நின்றதும் ஒரே தண்ணீரின் வேலை.

ஒரு கிலோ சீவிய ஆப்பிளிலிருந்து 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே வற்றல் கிடைக்கும். கால் அங்குலத் தடிமனில் சீவி, காயவைக்கும் கருவியில் 57 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் போதும். மடித்தால் ஒடியாமல் தோல் போல வளைய வேண்டும், கிள்ளினால் ஈரம் தெரியக்கூடாது. கடையில் வாங்குவதாக இருந்தால் மொறுமொறுப்பான சிப்ஸை வாங்கிவிடாதீர்கள், அது வேறு பண்டம். வெளிர் நிறத்தில் இருப்பவற்றில் நிறம் மாறாமல் இருக்கக் கந்தக டைஆக்சைடு சேர்த்திருப்பார்கள். பயன்படுத்தலாம், ஆனால் அந்த ஆழ்ந்த பழுப்பு வராது.

200 கிராம் வற்றலை இரண்டரைக் கோப்பைத் தண்ணீரில் சிறுதீயில் முப்பது நாற்பது நிமிடம் வேகவையுங்கள். கரண்டியால் அழுத்தினால் குழையும் நிலை வந்ததும் மசித்து, அதன் பிறகே 100 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டிப் பட்டைத்தூள், சிறிது ஜாதிக்காய், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கிளறுங்கள். சர்க்கரையை முதலிலேயே போட்டால் வற்றல் மெத்தென்று வேக நேரம் பிடிக்கும். அல்வா பதத்துக்கு முன்பதமாக, கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து பிறகு மூடிக்கொள்ள வேண்டும். இறக்கி முழுவதும் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பான பூரணம்கூட மாவிலுள்ள கொழுப்பை உருக்கிவிடும் என்பதால் நான் முந்தின நாள் இரவே செய்து வைத்துவிடுவேன்.

இப்போது மாவு. நீங்கள் ஊற்றியது நம் மோராக இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் குறிப்புகளில் சொல்லப்படும் மோர், கடையில் புளிக்கவைத்து விற்கும் கெட்டியான பொருள். நாம் தயிரில் தண்ணீர் விட்டுக் கடையும் மோர் அன்று. அது கைவசம் இல்லையென்றால் முக்கால் பங்கு கெட்டித் தயிருடன் கால் பங்கு பால் கலந்து கொள்ளுங்கள். மாவு ஒட்டியதற்கும், மேலும் மாவு தூவிப் பிசைந்து தோல் கடினமானதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். அதோடு இரண்டு கோப்பை மாவுக்கு முக்கால் கோப்பை என்பதும் அதிகம்.

360 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு, 90 கிராம் தாவரக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பன்றிக் கொழுப்பு சேர்க்காதவர்களுக்கு இங்கே கடைகளில் கிடைக்கும் தாவர ஷார்ட்டனிங் என்னும் கெட்டிக் கொழுப்பு பொருத்தமானது. கெட்டிப்பட்ட நெய்யும் நன்றாக வரும். வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும் பால் பொருளும் உண்டு, நெய்யில் அது இல்லை. குளிர்ந்த கொழுப்பை மாவில் விரல் நுனியால் தேய்த்து, பட்டாணி அளவுக் கட்டிகள் சில எஞ்சியிருக்கும்போதே நிறுத்தி, மோரைச் சிறிது சிறிதாக விட்டு, மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசையும் பழக்கம் நம் கைகளுக்கு ஊறியது. இங்கே அதை அடக்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்கத் தென் மாநிலக்காரர்கள் புரதம் குறைந்த மென்கோதுமை மாவையே விரும்பி வாங்குவதும் இந்த மென்மைக்காகத்தான். ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக, பதினைந்தாகப் பிரித்து, ஐந்து அங்குல வட்டமாக இடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் பூரணம் வேண்டாம். ஓரத்தில் அரை அங்குலம் சுத்தமாக இருக்கட்டும். அங்கே பூரணம் பட்டால் என்ன அழுத்தினாலும் ஒட்டாது.

கோவை அடுப்படி எழுதியது:

அத்தை அவர்களின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆயினும் புது ஆப்பிளில் செய்ய முடியாது என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். ஆப்பிள் வற்றல் எங்கள் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை; நான் பல ஆண்டுகளாகப் புது ஆப்பிளில்தான் செய்கிறேன்.

இங்கே சிம்லா ஆப்பிள் என்று விற்பதில் பெரும்பகுதி ரெட் டெலிசியஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் பிறந்து இமாசலத்தில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1916-ஆம் ஆண்டு வாக்கில் கோட்கட் பகுதியில் நட்ட அமெரிக்க நாற்றுகளே அங்கே அந்த ரகத்துக்கு வித்திட்டன. ஆகவே அத்தை ஊர் ஆப்பிளுக்கும் எங்கள் ஊர் ஆப்பிளுக்கும் உறவு உண்டு. ஆனால் அது பச்சையாகக் கடித்துத் தின்பதற்கான பழம். புளிப்புக் குறைவு, வேகவைத்தால் குழைந்துவிடும். முடிந்தால் பச்சை நிற கிரானி ஸ்மித் வாங்குங்கள். அது வடிவம் குலையாமல் வேகும், புளிப்பும் உண்டு. சிம்லா ஆப்பிள்தான் இருக்கிறது என்றால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நறுக்கிய மூன்று ஆப்பிளுடன் சர்க்கரையைக் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். இறங்கும் சாற்றை வடித்து, அதை மட்டும் அடுப்பில் வைத்துப் பாகு போலச் சுண்டவையுங்கள். பிறகு துண்டுகளைப் போட்டு வதக்கி, ஒரு மேசைக்கரண்டிச் சோளமாவைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதித்துக் கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறுங்கள். கொதி வராமல் இறக்கினால் சோளமாவு முழுவதும் கெட்டிப்படாது, வாயில் மாவு ருசியும் தட்டும். தண்ணீரைப் பையில் அடைத்துப் பொரிக்காமல் முன்னதாகவே வெளியேற்றிவிட வேண்டும் என்பதில் எனக்கும் அத்தைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழத்துண்டு பல்லில் படுவதை விரும்புகிறவர்களுக்கு இந்த வழி.

வாணலிக்காரர் எழுதியது:

எண்ணெயைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வெளியே கருத்து உள்ளே வேகாமல் இருப்பது எண்ணெய் மிகையாகக் காய்ந்ததன் அடையாளம். எண்ணெய் குடிப்பது அது ஆறிப்போனதன் அடையாளம். சகோதரிக்கு இரண்டும் நேர்ந்திருப்பதால், முதலில் புகையும்வரை காயவிட்டு, பிறகு ஒரே நேரத்தில் ஐந்தாறு பைகளைப் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது. எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். வெப்பமானி இல்லாவிட்டால் மிளகளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அடியில் ஒரு கணம் தங்கி, சுற்றிலும் நுரை கட்டி மேலே எழும்ப வேண்டும். போட்டவுடன் துள்ளி எழுந்து நிறம் மாறினால் தீயைக் குறைக்க வேண்டும். அரை அங்குல ஆழ எண்ணெய் போதும். ஒரு ஈட்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பக்கத்துக்கு இரண்டரை அல்லது மூன்று நிமிடம். கனமான இரும்பு வாணலி சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்வதால் குளிர்ந்த பை விழுந்ததும் சட்டென்று ஆறிப்போகாது. அந்த மலைப் பகுதியினர் வார்ப்பிரும்பை விடாமல் இருப்பதற்கு இதுவே தக்க காரணம்.

மூடிய பைகளை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகு பொரியுங்கள், ஓரம் இறுகிவிடும். மேலே முள்கரண்டியால் குத்தித் துளையிடச் சிலர் சொல்வதுண்டு. ஓவனில் சுடும்போது அது தேவை. ஆனால் எண்ணெயில் அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதையும் பூரணம் வெளியே வருவதையும் பார்த்துவிட்டதால் நான் துளையிடுவதில்லை. தப்பித்தவறி வாய் பிரிந்தால் உடனே தீயை அணைத்து, ஜல்லிக்கரண்டியால் அந்தப் பையை அள்ளிவிட்டு விலகி நில்லுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூட வேண்டும். ஆகவே பொருந்தும் மூடி ஒன்று எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1968-இல் அமெரிக்கா முழுவதும் விற்கத் தொடங்கிய ஆப்பிள் பையும் எண்ணெயில் பொரித்ததுதான். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் அதன் கடைகளை நடத்தியவர் ஒருவரின் முயற்சியால் வந்தது. 1992-இல் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலானவற்றில் அதைச் சுட்ட பையாக மாற்றிவிட்டார்கள். என் மனைவியின் அலுவலகத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அந்தப் பழைய பையின் கொப்புளம் வைத்த மேல்தோலைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். வீட்டில் அந்தக் கொப்புளம் வேண்டுமானால் பொரித்துத்தான் ஆக வேண்டும்.

நீலமலைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அத்தை சொன்ன அளவிலேயே செய்தேன். மோர் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. நான் ஊற்றியது நம் வீட்டு மோர்தான். இம்முறை கடையில் வாங்கிய கெட்டி மோரில் 150 மில்லியே போதுமானதாக இருந்தது, மாவும் கையில் ஒட்டவில்லை. பதினைந்தில் ஒன்றுகூடப் பிரியவில்லை. எண்ணெயில் போட்டதும் மேல்தோலில் சிறுசிறு கொப்புளங்கள் எழுந்து, அடுப்பருகே பட்டை வாசனை பரவியபோது என் மகன் தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பூரணம் மட்டும் எனக்குச் சற்றுத் திகட்டியது. அடுத்த முறை சர்க்கரையை 70 கிராமாகக் குறைத்தால் கெட்டித்தன்மை கெடுமா? மீதமுள்ள வற்றலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ஜார்ஜியா அத்தை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. சர்க்கரையை 70 கிராமாகத் தாராளமாகக் குறைக்கலாம். கெட்டித்தன்மை பழத்தின் சதையிலிருந்தே வருகிறது, இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிளறினால் போதும். வற்றலைக் காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு முதல் ஒரு வாரம் தினமும் பாருங்கள். புட்டியின் உட்புறம் ஈரம் பூத்திருந்தால் மீண்டும் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் இருட்டான அலமாரியில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். பொரித்த பைகள் எஞ்சினால் நுண்ணலை அடுப்பில் சூடாக்காதீர்கள், தோல் தொளதொளத்துவிடும். ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் எட்டு நிமிடம் வையுங்கள். பொரிக்காத பைகளை மூடிய நிலையிலேயே உறையவைத்துக்கொள்ளலாம். ஆனால் பொரிப்பதற்கு முன் மேலே படிந்திருக்கும் பனித்துகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், மணிக்கட்டு இன்னொரு முறை சுட வேண்டாம்.