கொன்சோல் வாங்குவதா, கிளவுட் கேமிங்கை நம்புவதா?

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை முடித்த மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்டு நச்சரிக்கிறான். மைத்துனரோ, "அவ்வளவு பணம் எதற்கு? கிளவுட் கேமிங் இருக்கிறதே. சந்தா கட்டினால் விளையாட்டு வெளிநாட்டு சேர்வரில் ஓடும், நமக்குப் படம் வந்து சேரும்" என்கிறார்.

கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜீஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 1080பி தரத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. அந்த வேகம் முழுவதும் ஓடினால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல் கரையும். எங்கள் டேட்டா பொதி எத்தனை நாள் தாங்கும்? பொத்தானை அழுத்தியது சேர்வருக்குப் போய்ப் படமாகத் திரும்பும் தாமதம் வேறு. சீட்டாட்டத்துக்கு அது பரவாயில்லை. கால்பந்தில் பந்து கைமாறிவிடும். 2019இல் வந்த கூகுளின் இதே மாதிரிச் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டதையும் மைத்துனர் வசதியாக மறந்துவிட்டார்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் யாராவது இப்படி விளையாடுகிறீர்களா? ஃபைபரா, 4ஜி ரவுட்டரா? இரவு எட்டு மணி நெரிசலில் பிங் (சேர்வருக்குப் போய்வரும் நேரம்) எவ்வளவு காட்டுகிறது? பழைய கொன்சோல் நல்ல நிலையில் கிடைக்குமென்றால் அதையும் சொல்லுங்கள். மகன் இந்தப் பதிவைப் பார்ப்பான். விலையை மட்டும் உள்பெட்டியில் அனுப்புங்கள்.