புதுப்பிப்பு: உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்தேனே

நான்கு மாதம் முன்பு, கழுத்து முதல் கணுக்கால் வரை வலிக்கிறது, ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் நார்மல், வீட்டில் யாரும் நம்பவில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். வாதநோய் நிபுணரைப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி, போய்ப் பார்த்தேன், ஃபைப்ரோமயால்ஜியாதான், அதாவது உடம்பெல்லாம் நாள்பட்டு வலிக்கும் நோய்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தசையிலோ மூட்டிலோ சேதம் இல்லை, மூளையும் தண்டுவடமும்தான் வலிச் செய்தியைப் பெரிதாக்கிவிடுகின்றன, ரேடியோவில் சத்தத்தை ஏற்றி வைத்த மாதிரி. அதனால்தான் ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் நான் விழுங்கிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. இந்த நோயைக் கண்டுபிடிக்க உடம்பில் 18 இடங்களில் அழுத்திப் பார்த்து 11-இல் வலிக்கிறதா என்று எண்ணுவது 1990-இன் முறை. 2010-இல் வந்த அளவுகோலில் வலி எங்கெங்கே பரவியிருக்கிறது, தூக்கம், சோர்வு, மறதி எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, சிகிச்சை. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., வலிக்கும் தூக்கத்துக்கும் குறைந்த அளவில் தரும் மாத்திரை. முதல் வாரம் வாய் வறண்டது, காலையில் தலை கனத்தது, அப்புறம் பழகிவிட்டது. தூக்கம் வந்ததும் வலியும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் பெரிய மருந்து நடைதான். தினம் 5 நிமிடத்தில் ஆரம்பித்தேன், நடுவில் வலி குறைந்த ஒரு நாள் ஆசைப்பட்டு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துவிட்டேன், தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். இப்போது 25 நிமிடம்.

வலி போய்விடவில்லை. ஆனால் மகளுக்குத் தலை பின்னிவிட முடிகிறது. இதே நோய்க்குத் தரும் வேறு மருந்துகளான ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் பற்றிக் கேட்டவர்களுக்கு: எனக்கு இன்னும் எழுதித் தரவில்லை, அடுத்த மாதம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.