கடைசி 200 மீட்டரில் சோனாருக்கு என்ன தெரியும்?

கடலோடி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "சோனாரில் நீர்மூழ்கி சிக்கிவிட்டால் கதை முடிந்தது. மேலே போய் டெப்த் சார்ஜைப் போட வேண்டியதுதான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சோனார் என்பது ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த சோனாரின் (அவர்கள் மொழியில் ஆஸ்டிக்) ஒலி முன்னோக்கித்தான் போகும், நேர் கீழே பார்க்காது. கிட்டே போகப் போக நீர்மூழ்கி அந்த ஒலிக்கற்றைக்கு அடியில் நழுவிவிடும். கடைசி 200 மீட்டர் கப்பலுக்குக் கண் கிடையாது. டெப்த் சார்ஜோ, குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டு, கப்பலின் பின்பக்கத்திலிருந்து விழுவது. எதிரொலி நின்றுபோன பிறகு வெறும் கணக்கை நம்பிப் போட்டார்கள். இதற்குப் பெயர் "கதை முடிந்தது"ஆ?

நங்கூரம்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 200 மீட்டர் என்ன பெரிய தூரம்? 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் வரும் கப்பல் அதை அரை நிமிடத்துக்குள் தாண்டிவிடும். அதற்குள் நீர்மூழ்கி எங்கே ஓடிவிடப் போகிறது?

கடலோடி:
அரை நிமிடத்தோடு முடிந்ததா? வெடி கீழே இறங்க வேண்டாமா? வழக்கமான பிரிட்டிஷ் டெப்த் சார்ஜ் நொடிக்கு 3 மீட்டர் அளவில்தான் மூழ்கும். 150 மீட்டர் ஆழத்துக்கு 50 நொடி. இரண்டையும் கூட்டுங்கள். 6 நாட் வேகத்தில் ஓடும் நீர்மூழ்கி அதற்குள் 200 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். சுமார் 130 கிலோ வெடிமருந்து இருந்தாலும் 6, 7 மீட்டருக்குள் வெடித்தால்தான் அதன் உடல் கிழியும். இன்னொன்று, நீர்மூழ்கி ஆழமாகப் போகப் போக எதிரொலி இன்னும் தூரத்திலேயே நின்றுவிடும். 200 என்பதே நான் குறைத்துச் சொன்னது.

அலைமகன்:
எதிரொலி நிற்பதும் ஆழம் தெரியாததும் ஒன்றல்ல. நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

நங்கூரம்:
ஆழத்தை அளக்கவே 147 என்ற கருவி வந்ததே, அது மட்டும் கண்ணில் படவில்லையா? அதற்கப்புறம் எங்கே குருட்டுப் பகுதி?

கடலோடி:
147 ஸ்க்விட்டோடு சேர்ந்து பேர் வாங்கிய கருவி ஐயா. ஸ்க்விட் மூன்று குழாய் மோர்ட்டார், எதிரொலி நிற்பதற்கு முன்பே குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் எறிவது. 1944 ஜூலை 31 அன்று லாக் கில்லின் என்ற பிரிட்டிஷ் கப்பல் யு-333 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அதை வைத்துத்தான் மூழ்கடித்தது. அதற்கு முன்பே 24 குண்டுகளை முன்னால் வீசும் ஹெட்ஜ்ஹாக் வந்துவிட்டது. அது பட்டால்தான் வெடிக்கும். தவறினால் தண்ணீர் கலங்காது, எதிரொலியும் கெடாது. 1944 மே மாதத்தில் அமெரிக்காவின் இங்லண்ட் என்ற கப்பல் 12 நாளில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை முடித்தது ஹெட்ஜ்ஹாக்கால்தான். முன்னால் எறிய இவ்வளவு மெனக்கெட்டது எதற்கு? அந்தக் கடைசி 200 மீட்டருக்காக!

திசைகாட்டி:
அதே போரில் நீர்மூழ்கி வேட்டையில் பேர் வாங்கிய பிரிட்டிஷ் கேப்டன் வாக்கரை வசதியாக மறந்துவிட்டீர்கள். ஒரு கப்பல் தள்ளி நின்று எதிரொலியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஆஸ்டிக்கை நிறுத்திவிட்டு மெதுவாக மேலே ஊர்ந்துபோய், முதல் கப்பல் சொல்லும்போது டெப்த் சார்ஜைப் போடும். டெப்த் சார்ஜ் உதவாது என்று எப்படிச் சொல்லலாம்?

கடலோடி:
உதவாது என்று நான் எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள். ஒரு கப்பலுக்குக் கடைசி 200 மீட்டர் தெரியாததால்தான் வாக்கருக்கு இரண்டு கப்பல் தேவைப்பட்டது. என் பக்கத்துக்குச் சாட்சி கொண்டுவந்து என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

உப்புக்காற்று:
இன்னும் 1944லேயே நிற்கிறீர்கள். கடலில் வெப்பநிலை மாறும் அடுக்குக்குக் கீழே போய்விட்டால் ஒலி வளைந்து, 200 அல்ல 2,000 மீட்டரிலும் எதிரொலி வராது. அதனால்தான் சோனாரையே கேபிளில் கட்டி ஆழத்தில் இழுத்துப் போகிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்து இறக்குகிறார்கள். அப்படியும் 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் நீர்மூழ்கியை பிரிட்டிஷ் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் தேடித் தேடித் தாக்கின. அது பத்திரமாகத் துறைமுகம் திரும்பியது.

நங்கூரம்:
அது டீசல் நீர்மூழ்கி, பேட்டரியில் ஓடினால் சத்தமே வராது. இங்கே பேச்சு 147 பற்றி. திசைகாட்டி, நீங்கள் போன மாதம் இந்தியப் போர்க்கப்பல் குக்ரி பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நடுவில் வந்து திசை திருப்பினீர்கள். நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டிய கப்பல், ஸ்க்விட் மாதிரியான லிம்போ மோர்ட்டார் வேறு இருந்தது. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோரிடம் என்ன ஆனது?

திசைகாட்டி:
194 பேர் போன கப்பலை வாதத்தில் ஜெயிக்கச் சீட்டு மாதிரி இறக்காதீர்கள். போன மாதமும் இதைத்தான் சொன்னேன், நீங்கள் பதிலே தரவில்லை.

நங்கூரம்:
பதில் தந்தேன். நீங்கள் படிக்கவில்லை.

கடலோடி:
குக்ரி விஷயத்தைத் தனியாகத் திறந்து பேசுங்கள். நங்கூரம், 147 ஆழத்தைச் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டெப்த் சார்ஜைப் பின்பக்கத்திலிருந்து போடும் கப்பல் நீர்மூழ்கிக்கு மேலேதானே போயாக வேண்டும்? அங்கே அதற்கு என்ன தெரியும்?

நங்கூரம்:
ஆழம் தெரியும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கடலோடி:
50 நொடிக்கு முந்தைய ஆழம். அந்த 50 நொடியில் நீர்மூழ்கியின் கேப்டன் சும்மா உட்கார்ந்திருந்தாரா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.