கிரி அம்மா தானே: பாற்சோறு பிழைக்கிற இடம்

பிள்ளைக்குக் கொப்புளிப்பான் மாறித் தலைக்குத் தண்ணி வார்த்த பிறகு சிங்கள வீடுகளில் குடுக்கிற தானம்தான் 'கிரி அம்மா தானே'. பத்தினி தெய்யோவுக்கு நேர்ந்தது. எங்கட கண்ணகை அம்மன்தான் அங்க பத்தினி, அதால 'அம்மாள் வருத்தம்' என்ற பேச்சு இரண்டு பக்கமும் பொருந்தும். வயது போன, பிள்ளை பெத்த பெண்கள் ஏழு பேர் வேணும், அவைதான் கிரி அம்மாமார். வெத்திலையோட போய்க் கூப்பிடுங்கோ. எட்டாவதா ஒராளுக்கும் சொல்லி வைச்சால் கடைசி நேரத்தில ஓடித் திரியத் தேவையில்லை. குடுக்கிறது பாற்சோறு, வாழைப்பழம், கெவும் எண்ட எண்ணெய்ப் பலகாரம். மச்சம் (மீன், இறைச்சி) வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

—

பாற்சோற்றிலதான் கனபேர் பிழை விடுறது. 2 கப் பச்சையரிசிக்கு 4 கப் தண்ணி. தண்ணி முழுக்க வத்தி, அரிசி விரலால நசுக்க மசியிற பதம் வந்த பிறகுதான் தேங்காய் முதற்பால் ஒன்றரைக் கப் விட வேணும். முந்தி விட்டால் அரிசி வேகாது, அடியும் பிடிக்கும். உப்பைப் பாலில கரைச்சே விடுங்கோ, ஒரு தேக்கரண்டி மட்டாய். படைக்க முந்தி ருசி பார்க்கேலாதே! பாஸ்மதி சரிவராது, ஒட்டாமல் உதிரும். வாழையிலையில கொட்டி, இன்னொரு இலைத் துண்டால ஒரு அங்குல உயரத்துக்கு அழுத்தி, பத்து நிமிசம் ஆறவிட்டு வெட்டினால்தான் டயமண்ட் துண்டு உடையாமல் வரும்.

—

அக்கா சொன்னது சரி. ஒண்டு மட்டும்: இந்தத் தானத்தைத் தொவில் எண்ட பேயோட்டுற சடங்கோட குழப்ப வேண்டாம். தொவிலில வைக்கிற பிதேனித் தட்டு, அதாவது படையல் தட்டு, யக்குகள் எண்ட பேய்களுக்கு. வாழை மட்டையைக் கீறி, மூங்கில் குச்சியால கோத்து, இலை பரப்பி, வறுத்த தானியம், சுட்ட மீன் எல்லாம் வைப்பினம். அந்தச் சுட்ட சாமானுக்குப் பேர் 'புளுட்டு'. பத்தினிக்கு அது ஆகவே ஆகாது. தட்டை முதல்நாளே கட்டினால் மட்டை வாடிச் சுருங்கி, குச்சி கழண்டு விழும். அன்று பின்னேரமே கட்டுறது நல்லம்.

—

பண்டுரு எண்ட நேர்த்திக் காசை ஒருத்தரும் சொல்லேல்லையே. வருத்தம் தொடங்கினவுடனே ஒரு காசை மஞ்சள் தண்ணியில கழுவி, வெள்ளைத் துணியில முடிஞ்சு நேர்ந்து வைக்கிறது. பிள்ளையின்ர கையில கட்டினால் சொறியிற சொறியில அவிழ்ந்து போகும். விளக்கடியில வையுங்கோ. சுகமானதும் பத்தினி தேவாலயத்தில போடுறது. கொழும்புப் பக்கத்து ஆக்கள் நவகமுவைக்குக் கொண்டு போவினம்.