ஒரே சபையாரிடம் கண்ட அன்பு: மலைவாழ் விசுவாசிகளின் அனுபவங்கள்

கேத்திக்காரர்

2009 நவம்பர் மழையை நீலகிரியில் இருந்த எவரும் மறந்திருக்க முடியாது என்பதால் அதை நான் விளக்கப் போவதில்லை. மண்சரிவில் சாலைகள் துண்டிக்கப்பட்டிருந்த அந்த வாரத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நோயினால் காலமானார். உடலைச் சமவெளியிலிருந்த சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்திலோ கீழ்ச்சரிவு முழுவதும் நீரூறிக் கிடந்தது; வெட்ட வெட்ட மண் சரிந்து குழிக்குள்ளேயே விழுந்தது. மேட்டில் எஞ்சியிருந்த ஒரே இடம், ஒரு பெரியவர் தம் மனைவியின் கல்லறைக்கு அருகே தமக்கென்று பணம் கட்டி ஒதுக்கி வைத்திருந்தது.

அந்தப் பெரியவருக்கும் இறந்தவருக்கும் இடையே, கேரட் தோட்டத்துக்கு ஓடையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுப்பது பற்றிய வழக்கு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. திருவிருந்து ஆராதனையில் கைகளுக்குள் கைகளை வைத்துச் சமாதானத்தை அடுத்தவருக்குக் கொடுப்போம் அல்லவா? அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேராகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே ஒருவர் முன்வரிசையிலும் மற்றவர் கதவோரத்திலும் உட்காருவார்கள்.

எங்கள் போதகரான ஐயர் தயங்கித் தயங்கி அந்தப் பெரியவரிடம் போய்க் கேட்டார். பெரியவர் ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு எங்களுடன் வந்து, மனைவியின் கல்லறையிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று தம் கைத்தடியாலேயே அளந்து காட்டினார். பிறகு ஐயரிடம் திரும்பி, "நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று அடக்க ஆராதனையில் சொல்லிவிடாதீர்கள் ஐயா, இடம் வேறு, தண்ணீர் வேறு" என்றார். அது அன்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

பண்ணைக்காட்டு ஆசிரியை

எங்கள் பழனி மலைப் பக்கத்தில் அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகப் படைக்கும் பொருள்களை ஏலம் விடுவது எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றை முட்டை ஆயிரம் ரூபாய்க்குக்கூடப் போகும். அந்த வருடம் ஓர் எஸ்டேட் முதலாளி வீட்டு கேக்குக்கு விலை ஏறிக்கொண்டே போன பிறகு, தனியாக வாழும் ஒரு பாட்டி படைத்த சௌசௌக் கூடையைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லார் வீட்டுப் பந்தலிலும் காய்க்கும் காயை யார் கேட்பார்கள்? ஒரு தரம், இரண்டு தரம் என்று சொன்ன வாலிபர் சங்கப் பையன், மூன்றாம் தரம் சொல்லாமல் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இதை நானே கேட்கிறேன், ஐந்நூறு" என்றான். பையன் கூலி வேலைக்குப் போகிறவன். அதன்பின் வெட்கப்பட்டவர்கள்போலப் பலரும் போட்டியிட்டார்கள். ஆனாலும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

என்னை உறுத்துவது அந்த விலையன்று. ஏலம் முடிந்ததும் அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாட்டியின் அருகில் போய் உட்கார்ந்து, இதை எப்படிச் சமைப்பது என்று கேட்டான். அந்த ஆலயத்தில் அவருக்கு அருகே வேறொருவர் உட்கார்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை, பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் தரித்திரனுக்குப் பாதபடியும் கொடுக்கும் அந்தப் பகுதியை, எங்கள் சபையிலும் வருடம் தவறாமல் வாசிக்கத்தான் செய்கிறார்கள்.

கூடலூர் வாசகர்

எங்கள் தாத்தாவின் குடும்பம் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். தமிழில் ஆராதிக்க இடமில்லாதிருந்தபோது ஒரு மலையாளச் சபையார் தங்கள் ஆலயத்தை ஞாயிறு பிற்பகலில் எங்களுக்குத் திறந்துவிட்டதோடு, சாவியை மறுபடி கேட்கவேயில்லை என்று தாத்தா சொல்லுவார். என் அனுபவம் அவ்வளவுதான்.

கேத்தி சகோதரருடைய பதிவைப் பற்றியே எழுத வந்தேன். அந்தப் பெரியவர் செய்தது கௌரவமான செயல். அதை அன்பு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23, 24இல் ஆண்டவர் சொல்லியிருக்க, இருவரும் இத்தனை வருடம் ஒரே திருவிருந்துப் பந்தியில் அப்பமும் திராட்சரசமும் வாங்கியதை எப்படி எடுத்துக்கொள்வது? இதில் சபை மூப்பர்களின் பங்கே பெரிது. மத்தேயு 18ஆம் அதிகாரம் வழியைத் தெளிவாகவே காட்டுகிறது: முதலில் தனித்திருக்கையில் பேச வேண்டும், பிறகு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். நம் சபைகளிலோ எடுத்த எடுப்பிலேயே கமிட்டிக்கு மனு எழுதுகிறார்கள், கமிட்டி இரண்டு கட்சியாகப் பிரிகிறது, அடுத்த சபைத் தேர்தலில் அதுவே பிரச்சாரமாகிவிடுகிறது. தண்ணீர், வரப்பு, பாதை போன்ற தகராறுகளை வக்கீலிடம் போகும் முன்பே, இரு தரப்புக்கும் உறவில்லாத இரண்டு மூப்பர்கள் தோட்டத்துக்கே நேரில் சென்று பார்க்க வேண்டும். ஆலய அறையில் உட்கார்ந்து பேசினால் இருவரும் வசனம்தான் பேசுவார்கள். முறைத்தண்ணீருக்கு நாள் பிரித்து எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். கசப்பு மனத்தில் இருக்கட்டும், கல்லறையில் மட்டும் இடம் தருகிறேன் என்பது இறந்தவருக்குச் செய்கிற மரியாதையே தவிர, உயிரோடிருந்த சகோதரனுக்குச் செய்த அன்பன்று.

கேத்திக்காரர்

கூடலூர் சகோதரருக்கு. மூப்பர்கள் தோட்டத்துக்கும் போனார்கள், நாள் பிரித்தும் கொடுத்தார்கள். கோடையில் ஓடையே வற்றியபோது அந்தத் தாளால் பயனில்லாமல் போயிற்று. நீங்கள் காட்டிய வசனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூர வேண்டும் என்று 1 யோவான் 3:18 சொல்லுகிறது. மன்னித்ததாக நாவினால் சொல்லிவிட்டு இடத்தைக் கொடுக்க மறுத்தவர்களை நான் வேறு அடக்கங்களில் பார்த்திருக்கிறேன். இவர் நேர்மாறாக நடந்துகொண்டார், அதிலும் தம்மைப் பற்றி ஒரு பொய்யைக்கூடச் சொல்ல விடவில்லை. மனைவியின் அருகில் படுக்கும் இடத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் கையில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை, இப்போது மகன்கள் நடத்துகிறார்கள். வாய்தா நாளில் இருவரும் ஒரே ஜீப்பில்தான் குன்னூருக்குப் போகிறார்கள். டீசல் செலவை யார் கொடுப்பது என்பதில் மட்டும் இதுவரை சண்டை வந்ததில்லை.