இன்ஸ்புரூக்கில் இறங்கும்போது இடப்பக்கம் எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது: டிரைவர் வழி ஃபிரேம் ஜெனரேஷன் விஆரில் உதவுமா?

இடதுசன்னல் எழுதியது:

வணக்கம். இரண்டு மாதமாக மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 விமான விளையாட்டை குவெஸ்ட் 3 விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். காக்பிட்டுக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகு மானிட்டருக்குத் திரும்ப மனம் வரவில்லை.

என் கணினி: ரைசன் 7 5800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். ஹெட்செட்டுக்குப் படத்தை விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற செயலி வழியாக 90 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 90 படம்) அனுப்புகிறேன். விமானம் எப்போதும் செஸ்னா 172 தான்.

பிரச்சினை இதுதான். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் கிழக்கிலிருந்து 26-ஆம் ஓடுபாதைக்கு வருகிறேன். வலப்பக்கம் நார்ட்கெட்டே மலைத்தொடர், அது தூரத்தில் இருப்பதால் நன்றாகவே இருக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் பெர்கீசல் பனிச்சறுக்குக் கோபுரம். அதன் விளிம்பு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிகிறது. இன்னும் கீழே இறங்கி இன் ஆற்றை ஒட்டிப் பறந்தால் கரையோர மரங்கள் அத்தனையும் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது. தலையைத் திருப்பும்போது எந்தத் தடங்கலும் இல்லை, விமானம் நகரும்போது மட்டும்தான்.

கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரிலேயே ஃபிரேம் ஜெனரேஷனை (நிஜப் படங்களுக்கு நடுவே கூடுதல் படங்களை வரையும் வசதி) இயக்கினால் எந்த விளையாட்டிலும் ஃபிரேம், அதாவது வினாடிக்கு வரும் படங்கள், இரட்டிப்பாகும் என்று கடையில் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன். மானிட்டரில் 42 காட்டிய எண் 84 ஆகிவிட்டது. ஆனால் ஹெட்செட்டுக்குள் மரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஏதாவது அமைப்பை விட்டுவிட்டேனா? அல்லது விஆரில் இது வேலையே செய்யாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்னிருக்கை எழுதியது:

எனக்கு நன்றாக வேலை செய்கிறது. டிரைவரில் இயக்கிவிட்டு, விளையாட்டை மூடித் திறந்து, பிறகு விஆருக்குள் போனேன். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கணினியையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

குறுக்குக்காற்று எழுதியது:

இடதுசன்னல், நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. மானிட்டரில் 84, கண்ணுக்குள் பழைய மரங்கள் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

விஆரில் ஓடும்போது விளையாட்டிலிருந்து படம் இரண்டு வழியில் வெளியே போகிறது. ஒன்று, அதே காட்சியை மானிட்டரில் பிரதிபலித்துக் காட்டும் சன்னல். மற்றொன்று, ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற விஆர் இடைமுகம் வழியாக ஹெட்செட்டின் ரன்டைமுக்கு (ஹெட்செட்டில் படத்தைக் காட்டும் மென்பொருளுக்கு) போகும் இரு கண்களின் படங்கள். என்விடியாவின் ஸ்மூத் மோஷன், ஏஎம்டியின் ஃப்ளூயிட் மோஷன் ஃபிரேம்ஸ் போன்றவை சாதாரணத் திரைக்குப் படம் போகிற வாசலில் நின்று வேலை செய்பவை. மானிட்டரில் விளையாடுவோருக்காகச் செய்த வசதி அது, அங்கே நல்ல பலனும் தருகிறது. உங்கள் கண்ணுக்கு வரும் படம் அந்த வாசல் வழியாக வருவதில்லை. ஃபிரேமை எண்ணும் கருவி நிற்பதும் அதே வாசலில்தான், அதனால்தான் அது 84 என்கிறது. நீங்கள் பார்க்காத ஒரு சன்னலுக்காக உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. அணைத்துவிட்டு, விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயை (ஃபிரேம் எண்ணைப் படத்தின் மேலேயே காட்டுவது) ஹெட்செட்டுக்குள்ளேயே திறந்து பாருங்கள். ஓரிரு ஃபிரேம் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும்.

பின்னிருக்கை, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இதை ஒரு சோதனையில் பிரித்துப் பார்த்துவிடலாம். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் ஸ்ட்ரீமிங் பக்கத்தில் சிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் என்று ஒன்று இருக்கும், அடுத்த படத்தை ஊகித்து இடைவெளியை நிரப்பும் வசதி. அது ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் ஃபிரேம் குறையும்போது தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். அதை முழுதாக அணையுங்கள். டிரைவர் வசதி மட்டும் இருக்கட்டும். தரையிலிருந்து 200 அடியில், 90 நாட் வேகத்தில், தலையை அசைக்காமல் பக்கவாட்டு மரங்களைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தால் புதிய படம் கண்ணுக்கு வரவில்லை என்று பொருள்.

ஏன் இரட்டை? 90 ஹெர்ட்ஸில் ஹெட்செட் 11.1 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் கேட்கிறது. விளையாட்டு 45 தான் தருகிறது என்றால் ஒவ்வொரு படமும் இரண்டு முறை காட்டப்படும். மரத்தைத் தொடர்ந்து உங்கள் கண் நகர்கிறது, படம் நகராமல் அதே இடத்தில் மறுபடி ஒளிர்கிறது. விழித்திரையில் இரண்டு இடத்தில் பதிகிறது, இரண்டு மரம். தலையைத் திருப்பும்போது இது தெரியாததற்குக் காரணம் வேறு. அங்கே ரன்டைம் ஒவ்வொரு முறையும் புதிய தலைநிலையைக் கேட்டு, பழைய படத்தையே திருப்பி வைத்துக் காட்டுகிறது. அந்தத் திருத்தம் தலையின் சுழற்சிக்கு மட்டும்தான், விமானம் முன்னே போனதை அது அறியாது. 90 நாட் என்றால் வினாடிக்கு சுமார் 46 மீட்டர். 45 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீங்கள் ஒரு மீட்டர் கடந்துவிடுகிறீர்கள். நார்ட்கெட்டே தூரத்தில் இருப்பதால் அந்த ஒரு மீட்டர் அங்கே ஒன்றுமில்லை. ஆற்றோர மரத்துக்கு அது பெரிய தாவல்.

அப்புறம், டிரைவர் வசதியை எப்படியாவது ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்தாலும் நான் அதைத் தேடிப் போகமாட்டேன். அந்த முறை இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒன்றை வரைகிறது. கோலத்தில் இரண்டு புள்ளி வைத்த பிறகுதானே நடுவில் கோடு இழுக்க முடியும்? அதுபோல அடுத்த படம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். 45 ஃபிரேமில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 11 மில்லிசெகண்ட், வரையும் நேரம் தனி. மானிட்டரில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. விஆரில் தலை அசைவுக்கும் படத்துக்கும் இடைவெளி 20 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் இன்னொன்று. ஹெட்செட்டுக்குப் போகும் ஒவ்வொரு படத்தோடும் 'இது தலை இந்த நிலையில் இருந்தபோது வரைந்தது' என்ற குறிப்பும் போக வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால்தான் ரன்டைம் சரியாகத் திருப்பி வைக்கும். நடுவில் வரைந்த படத்துக்கு எந்தத் தலைநிலை? இடது கண்ணுக்கு ஒரு விதமாகவும் வலது கண்ணுக்கு ஒரு விதமாகவும் ஊகம் தவறினால் என்ன ஆகும்? திரையில் ஒரு சின்னக் கறை போலத் தோன்றுவது, இரண்டு கண்ணில் இரண்டு விதமாகத் தெரியும்போது தலைவலியாகிவிடும்.

விஆருக்கென்றே செய்த வழி பல வருடங்களாக இருக்கிறது. ஆக்குலஸின் அசிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் 2016-இல் வந்தது, ஸ்டீம்விஆரின் மோஷன் ஸ்மூதிங் 2018-இல். இவை அடுத்த படத்துக்காகக் காத்திருப்பதில்லை. வந்த படங்களின் போக்கைப் பார்த்து அடுத்தது எங்கே இருக்கும் என்று முன்னால் ஊகிக்கின்றன, அதோடு புதிய தலைநிலையையும் சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் கையில் இருக்கும் சிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் அந்த ஊக வேலையை ஹெட்செட்டின் சிப்பிலேயே செய்கிறது. உங்கள் 5070-க்கு அதனால் சுமை இல்லை.

நான் செய்வது இது. ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஸ்பேஸ்வார்ப்பை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் எப்போதும் இயங்கும்படி வையுங்கள். ஒருமுறை இயங்கி ஒருமுறை அணைந்து மாறி மாறி வருவதுதான் வயிற்றைக் கலக்கும். இப்போது விளையாட்டு 36 ஃபிரேம் தந்தால் போதும், மீதிப் பாதியை ஸ்பேஸ்வார்ப் நிரப்பும். அதாவது ஒரு படத்துக்கு 27.8 மில்லிசெகண்ட். அந்த விளிம்பில் ஓட்டாதீர்கள், 24-க்குள் நிறுத்துங்கள். நகரத்தின் மேல் திரும்பும்போது இரண்டு மூன்று மில்லிசெகண்ட் சட்டென்று ஏறும், அதற்கு இடம் வேண்டும்.

எதைக் குறைப்பது என்று கண்மூடித்தனமாகத் தொடாதீர்கள். விளையாட்டின் டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு ஃபிரேம்) காட்டியைத் திறந்தால் எது தடுக்கிறது என்று அதுவே சொல்லும். மெயின் திரெட் என்று வந்தால் தடை சிபியு. ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை, டெர்ரைன் லெவல் ஆஃப் டீடெயிலை (நிலக்காட்சியின் நுணுக்க அளவை) குறையுங்கள். ஜிபியு என்று வந்தால் முதலில் மேகம், பிறகு ரெசல்யூஷன். இதே 172-இல் ஒரு மாலை முழுக்க மேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை. காட்டியைத் திறந்தபோதுதான் மெயின் திரெட் என்று தெரிந்தது.

ஸ்பேஸ்வார்ப்புக்கும் குறை உண்டு. 172-இன் இறக்கையைத் தாங்கும் கம்பி இருக்கிறதல்லவா, அதன் பின்னால் தரை ஓடும்போது கம்பியின் ஓரம் தண்ணீரில் தெரிவதுபோல நெளியும். கம்பி நிற்கிறது, தரை நகர்கிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் மறைந்திருந்த தரை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. புரொப்பல்லர் வட்டத்துக்குள்ளும் கொஞ்சம் கலங்கும். நான் இரண்டே நாளில் அதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

வான்எரிபொருள் எழுதியது:

குறுக்குக்காற்று அண்ணா சொன்னது நிதானமாகப் பறப்பவர்களுக்குச் சரி. நான் டிசிஎஸ் என்ற போர்விமான விளையாட்டில் எஃப்/ஏ-18 ஓட்டுகிறேன். அங்கே ஸ்பேஸ்வார்ப் போட்டு எரிபொருள் நிரப்பப் போனால், குழாயின் நுனியில் இருக்கும் கூடை, சரியாகப் பார்க்க வேண்டிய அந்த நேரத்தில், விளிம்பு கரைந்து தெரிகிறது. குறுக்கே பாயும் எதிரி விமானமும் வாலோடு இழுபடுகிறது. அதனால் நான் நிழல், கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, குவாட் வியூஸ் போட்டு, முழு 72 ஃபிரேமில் ஓட்டுகிறேன். பார்வையின் நடுப்பகுதி மட்டும் கூர்மையாக வரும், ஓரம் மங்கலாக வரும். சண்டைக்கு அது போதும். செஸ்னாவில் மலையும் ஊரும் பார்க்கப் போகிறவருக்கு இந்த விலை தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பின்னிருக்கை எழுதியது:

சோதனை செய்தேன். ஸ்பேஸ்வார்ப் ஆட்டோமேட்டிக்கில்தான் இருந்திருக்கிறது. அணைத்ததும் மரங்கள் இரண்டிரண்டாக வந்துவிட்டன, டிரைவர் வசதி இருந்தும் இல்லாமலும் ஒன்றுதான். இடதுசன்னல், மறுதொடக்கம் செய்யச் சொன்னதை விட்டுவிடுங்கள். உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு வருந்துகிறேன்.

இடதுசன்னல் எழுதியது:

பரவாயில்லை பின்னிருக்கை, உங்களால்தான் அந்தச் சோதனையே வந்தது.

நேற்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். டிரைவர் வசதியை அணைத்ததும் ஹெட்செட்டுக்குள் 39 என்று இருந்தது 42 ஆனது. மானிட்டரில் 84 என்று மகிழ்ந்த நேரத்தில் கண்ணுக்கு மூன்று ஃபிரேம் குறைவாக வந்திருக்கிறது. இன்ஸ்புரூக் மேல் காட்டியைத் திறந்தால் மெயின் திரெட். டெர்ரைனை 150-இலிருந்து 100-க்கு இறக்கினேன், 24-க்குள் வந்துவிட்டது. மேகத்தைத் தொடவே இல்லை. பிறகு 72 ஹெர்ட்ஸ், ஸ்பேஸ்வார்ப் எப்போதும்.

அதே வழியில் வந்தேன். பெர்கீசல் கோபுரம் ஒன்றே ஒன்றாக, கம்பிக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்து மறைந்து மறுபக்கம் வந்தது. கம்பியின் ஓரத்தில் நீங்கள் சொன்ன நெளிவு ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. கோபுரம் அதைக் கடக்கும்போது லேசாக வளைந்து நேரானது, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் பறந்தேன், கண் வலிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணா. செஸ்னாவின் ஜி1000 கருவித் திரையில் வேகத்தைக் காட்டும் எண்கள் உருளும்போது கலங்குகின்றன. நின்றால் தெளிவாகிவிடுகிறது. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

குறுக்குக்காற்று எழுதியது:

உருளும்போது கலங்குவது ஸ்பேஸ்வார்ப்பால், கொஞ்சம் டிஎல்எஸ்எஸ்ஸாலும்தான் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியா வசதி). முதலாவதற்கு வழியில்லை. இரண்டாவதற்கு, 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4-உடன் வந்த டிரான்ஸ்ஃபார்மர் மாடலை என்விடியா ஆப்பில் ஓவர்ரைடு வழியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். காக்பிட் எழுத்துகளில் எனக்கு அதுதான் பெரிய மாற்றம் தந்தது. ஆனால் அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், போட்ட பிறகு 24-க்குள் நிற்கிறதா என்று மறுபடி பார்த்துவிடுங்கள். ஏறிவிட்டால் மேகத்தை ஒரு படி இறக்குங்கள்.