மறு: 'பங்கேற்புத் திட்டமிடல்' – வேறு சொல் தேடலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு பகுதிக்கான திட்டத்தை அங்குள்ள மக்களும் சேர்ந்து முடிவு செய்யும் முறைக்கு (participatory planning) வழங்கும் 'பங்கேற்புத் திட்டமிடல்' என்ற சொல்லை மாற்றலாமா என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> பங்கேற்புத் திட்டமிடல் என்பதே நிலைத்துவிட்டது, இனி அதைக் கிளறுவானேன்?

நிலைத்தது உண்மைதான் ஐயா, ஆனால் எங்கே? அறிக்கைகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும். செய்தித்தாளில் "அமைச்சர் விழாவில் பங்கேற்றார்" என்று படிக்கிறோம், அவர் பந்தல் போட்டார் என்றா நினைக்கிறோம்? வந்தார், மேடையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். 'பங்கு' என்பது உரிமையைக் குறிக்கும் நல்ல சொல், யார் இல்லை என்றது, ஆனால் பங்கேற்பு என்று ஆனதும் வெறும் வருகைப் பதிவாகத் தேய்ந்துவிட்டது.

எங்கள் பகுதியில் மழைநீர் வடிகாலுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, டீ கொடுத்து, ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள், அதன் தலைப்பு "பங்கேற்றோர் கையொப்பம்". தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், தண்ணி இந்தப் பக்கம் ஓடாது, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டித்தான் நிக்கும், நீங்க கோடு போட்டது மேட்டுல" என்றார். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வடிகால் மேட்டில்தான் வந்தது. நோட்டில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, ஆகவே அவர் பங்கேற்றுவிட்டார்!

> ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. 'ஊர்கூடித் திட்டமிடல்' எனலாம். உத்திரமேரூரே சாட்சி.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தேர் போகாத தெருக்கள் எவை என்று ஒவ்வொரு ஊரிலும் எல்லாருக்கும் தெரியும். 'ஊர்' என்றாலே 'சேரி' அதற்கு வெளியே என்பதுதான் பல இடங்களில் இன்றும் பேச்சு வழக்கு, அந்தச் சொல்லைக் கொண்டுபோய் எல்லாரையும் சேர்க்கும் முறைக்குப் பெயராக வைப்பது சரியில்லை. உத்திரமேரூரையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது, சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கான, அதாவது பிராமணர் ஊர்ச் சபைக்கான தேர்தல் விதி. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் சொந்த ஃபிளாட் இருப்பவர் மட்டும் பேசலாம், வாடகைக்கு இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றில் அதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'கூட்டுத் திட்டமிடல்' என்றால் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் நினைவுக்கு வரும், நாலு துறைகள் கூடிச் செய்வது போலவும் படும். 'குடித்திட்டம்' பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, டாஸ்மாக் நாட்டில் அந்தச் சொல் பிழைக்காது. 'மக்கள் திட்டம்' ஓரளவு தேறும், 1996-இல் கேரளம் ஜனகீயாசூத்ரணம் (மக்கள் திட்டமிடல்) என்றே தொடங்கியது. ஆனால் அங்கே பெயரோடு பணமும் போனது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். இங்கே 'மக்கள்' என்ற முன்னொட்டை எதற்கெல்லாம் ஒட்டியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அயர்ச்சிதான் வரும்.

என் முன்மொழிவு: சேர்திட்டமிடல், சுருக்கமாகச் சேர்திட்டம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, அதனால் நடுவில் 'த்' போட வேண்டாம். "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்" என்று வீட்டிலும் தெருவிலும் சொல்கிறோமே, அந்தச் 'சேர்ந்து'தான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989-இல் தொடங்கிய முறைக்கு இது பொருந்தும், அங்கே வட்டாரக் கூட்டங்களில் மக்களே சாலையா சாக்கடையா எது முதலில் என்று வரிசைப்படுத்தினார்கள், நகராட்சியின் செலவு அதை ஒட்டி அமைந்தது. அதற்கு எதிராக, வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்கச் சொல்கிறதே 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அதைச் சேர்திட்டம் என்று அழைக்கக் கூடாது. அது கருத்துக்கேட்பு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இத்தனை ஏமாற்று.

இந்த வித்தியாசத்தை அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-லேயே, மக்கள் கையில் எவ்வளவு அதிகாரம் என்பதை வைத்து, எட்டுப் படி ஏணியாகப் போட்டுக் காட்டிவிட்டார். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது என்ற நடுப்படிகள் மூன்றையும் சேர்த்து அவர் வைத்த tokenism என்ற பெயருக்கு 'அடையாளவாதம்' என்று யாரோ மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நம்மிடம் 'ஒப்புக்குச் சப்பாணி' இருக்கும்போது எதற்கு இந்த அவஸ்தை? ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவுட் ஆனாலும் கணக்கில்லை. சப்பாணி என்பது உடல் ஊனத்தைச் சொல்லும் பழஞ்சொல், அதனால் கலைச்சொல்லில் அதை விட்டுவிட்டு ஒப்புக்கழைப்பு என்று மட்டும் வைக்கலாம்.

பி.கு.: 'சேர்திட்டர்' என்று ஆளுக்கும் ஒரு சொல் கேட்காதீர்கள், தாங்காது. கூட்டத்துக்கு மட்டும் 'பகுதி சபை' இருக்கட்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் அந்தப் பெயரில்தான் கூட்டம் நடத்தினார்கள், கிராம சபையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பகுதியில் குடியில்லாமல் அங்கே கடை போட்டுப் பிழைக்கிறவரை இதில் எப்படிக் குறிப்பது? 'பகுதிவாசி'யில் அவர் அடங்கமாட்டார். எனக்குச் சொல் கிடைக்கவில்லை, யாராவது சொல்லுங்கள்.